ஆட்சி மாறிய மறுநாள் உளவுத்துறைத் தலைவர் என்ன பேச வேண்டும்? மாதிரி நேர்முகத்தில் உளறிவிட்டு வந்திருக்கிறேன்

திருச்சி_தேர்வுக்காரி

வணக்கம். யுபிஎஸ்சி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். நேற்று மாதிரி நேர்முகம். சொந்த ஊர், காவிரி, பொழுதுபோக்கு என்று நன்றாகத்தான் போனது. கடைசியில், அதுவரை வாயே திறக்காமல் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "நீங்கள் ஐபி (உள்நாட்டு உளவுத்துறை) இயக்குநர். தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றுவிட்டது. போன வாரம் வரை உங்கள் ஆட்கள் யாரைப் பின்தொடர்ந்தார்களோ, அவர்தான் நாளைக்குப் பிரதமர். காலையில் அவர் முன்னால் போய் உட்கார்கிறீர்கள். என்ன சொல்வீர்கள்?"

நான் "அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக, நடுநிலையோடு" என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் சரிம்மா, முதல் வாக்கியம் என்ன?" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

புத்தகத்தில் இருப்பதெல்லாம் அமைப்பு எப்போது தொடங்கியது, யாருக்குக் கீழே வருகிறது என்பதுதான். நிஜத்தில் இப்படி ஒரு நிலைமை வந்திருக்கிறதா? வந்தபோது என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டல்லாஸ்_செந்தில்

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு வழக்கமே இருக்கிறது. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் திடீரென்று இறந்து ட்ரூமன் அதிபரானபோது, அணுகுண்டு தயாராவது பற்றி அவருக்கு உருப்படியாக ஒன்றும் தெரியாது. முழு விவரமும் இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. துணை அதிபராக இருந்தவருக்கே அந்தக் கதி. தனக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேரக்கூடாது என்று 1952இல் இரண்டு கட்சி வேட்பாளர்களுக்கும் சிஐஏ என்ற உளவு அமைப்பின் மூலம் ரகசியத் தகவல் கொடுக்க ஏற்பாடு செய்தார். அது இன்றும் தொடர்கிறது.

ஆனால் தலைவர் தங்குவாரா என்பது வேறு கதை. 1977இல் சிஐஏ இயக்குநராக இருந்த அப்பா புஷ், கார்ட்டரின் கீழும் தொடரத் தயாராக இருந்தார். கார்ட்டர் வேண்டாம் என்றுவிட்டார். 2001இல் கிளின்டன் வைத்த டெனட்டை மகன் புஷ் அப்படியே வைத்துக்கொண்டார். எஃப்பிஐ என்ற உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பின் இயக்குநருக்கு மட்டும் 1976இல் 10 ஆண்டு வரம்பு என்று சட்டமே போட்டார்கள். அங்கே ஹூவர் 48 ஆண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வந்த பயம். சட்டம் இருந்தும் 2017இல் அதன் இயக்குநர் கோமியை நான்காவது ஆண்டிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் வாக்கியம் எனக்கும் தெரியவில்லை சகோதரி. பெரியவர்கள் யாராவது வரட்டும்.

ஆர்கேபுரம்_தாத்தா

அம்மா, உங்களைக் கேட்டவர் சும்மா கேட்கவில்லை. 1977ஐ மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐபியிலோ, வெளிநாட்டு உளவு பார்க்கும் ராவிலோ வேலை பார்த்தவன் இல்லை. 1974இல் டில்லிக்குப் போய் ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, அண்டர் செக்ரடரியாக ஓய்வு பெற்றேன். இப்போது தாம்பரம். ஆனால் அந்த மார்ச் மாதத்தை அருகிலிருந்து பார்த்தேன்.

மார்ச் 20 ராத்திரி நானும் இரண்டு நண்பர்களும் பகதூர் ஷா ஜாபர் மார்கில், பத்திரிகை ஆபீஸ்களுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். பலகையில் முடிவுகளை எழுதிக்கொண்டே இருந்தார்கள். ரேபரேலியில் இந்திரா காந்தி தோற்கிறார் என்ற பேச்சு வந்ததும் கூட்டம் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 24ஆம் தேதி மொரார்ஜி பதவியேற்றார். இந்திராவின் நெருக்கடிநிலையில் ஏறக்குறைய 19 மாதம் காவலில் வைக்கப்பட்டிருந்த மனிதர். அவர் சிறையில் இருந்தபோது யார் வந்தார், யார் போனார் என்று குறித்துக்கொடுத்த இயந்திரம் இப்போது அவர் கைக்கு வருகிறது. உங்கள் கேள்வி அப்படியே நடந்ததா இல்லையா?

அன்று எங்கள் ஆபீஸில் கண்ட காட்சியைச் சொல்கிறேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள். படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் சுவர் பழுப்பாக. அதன் கீழேதான் என் மேலதிகாரி வந்து நின்று, ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒரு குறிப்பை, அவர் ஆட்சேபித்ததுபோல ஒரு வரி சேர்த்து, பழைய தேதியிலேயே திரும்ப டைப் அடிக்கச் சொன்னார். நான் "ரிப்பன் தீர்ந்துபோச்சு சார், ஸ்டோரில் இண்டென்ட் போட்டிருக்கிறேன்" என்றேன். கை நடுங்கியது. ஒரு சாதாரண அமைச்சகத்திலேயே இந்தப் பயம் என்றால், உளவு அமைப்பின் உள்ளே எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராவை 1968இல் தொடங்கியதிலிருந்து நடத்தியவர் ஆர்.என். காவ். இந்திராவுக்கு மிக நெருக்கமானவர், அதனால் 1977இல் விலகினார். அடுத்து வந்தவர் கே. சங்கரன் நாயர். 1971 வங்கதேசப் போர்க் காலத்தில் காவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். புது ஆட்சி அவருடைய பதவிப் பெயரைச் செயலாளர் என்பதிலிருந்து இயக்குநர் என்று மாற்றியது. தரத்தை இறக்குகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, போய்விட்டார்.

அப்புறம் வந்தவர் என்.எஃப். சன்டூக். அதே இயக்குநர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார். நெருக்கடிநிலையில் ராவை உள்நாட்டு அரசியலுக்குப் பயன்படுத்தினார்கள் என்று மொரார்ஜிக்குச் சந்தேகம். ஆளையும் பணத்தையும் பெரிய அளவில் வெட்ட நினைத்தார். வெட்டு விழத்தான் செய்தது, ஆனால் நினைத்த அளவுக்கு விழவில்லை. பேசிப் பேசிக் குறைத்தவர் சன்டூக் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், மொரார்ஜி போய், சரண்சிங் வந்து, அவரும் போய், 1980 ஜனவரியில் இந்திரா திரும்பி வந்தபோதும் சன்டூக் அதே நாற்காலியில் இருந்தார். 1983 வரை இருந்தார். ஜனதா ஆள் என்று அந்த அம்மாவும் துரத்தவில்லை. இரண்டு பக்கமும் சந்தேகப்பட வாய்ப்பிருந்த இடத்தில் அப்படி ஆறு வருடம் இருப்பது லேசில்லை.

ஐபியில் இன்னும் விசேஷம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1975இல், இயக்குநராக வந்த எஸ்.என். மாத்தூர் 1980 வரை தொடர்ந்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர் நம் ஊர்க்காரர், டி.வி. ராஜேஸ்வர். பிற்பாடு கவர்னராகவும் இருந்தார்.

இப்போது உங்கள் முதல் வாக்கியம். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "ஐயா, இதுவரை நடந்ததில் எதைக் கேட்க வேண்டுமானாலும் என்னைக் கேளுங்கள், எனக்குக் கீழே இருப்பவர்களைக் கேட்க வேண்டாம். இன்று காலை நிலவரப்படி உங்களுக்கு உடனே தெரியவேண்டியவை மூன்று." அவ்வளவுதான். அந்த மூன்றும் அவருக்குப் பிடிக்காத செய்தியாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிரதமரைப் பற்றி அவராகவே கிண்டினாலும் வாயைத் திறக்கக்கூடாது. இன்று பழையவரைக் காட்டிக்கொடுக்கிறவன் நாளைக்குத் தன்னையும் காட்டிக்கொடுப்பான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அரசியல்வாதி, நம்மைவிட வேகமாகக் கணக்குப் போடுவார்.

கடலோரக்_காற்று

தாத்தா, சன்டூக்கை உயர்த்துவதற்காக நாயரைக் கொஞ்சம் இறக்கிவிட்டீர்கள். பதவிப் பெயர் என்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. செயலாளர் என்றால் மற்ற அமைச்சகச் செயலாளர்களோடு சமமாக உட்கார்ந்து பேசலாம். தரத்தை இறக்கிவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். தலைவனை மட்டம் தட்டும்போது அவன் சிரித்துக்கொண்டு ஏற்றால், கீழே இருக்கிறவனுக்கு என்ன தோன்றும்? நாயர் போனதால்தான் இது விஷயமே ஆனது. எல்லோரும் சன்டூக் மாதிரி வளைந்துகொடுத்தால் ஆட்சியாளர்களுக்கு வசதியாகிவிடும். அதோடு சன்டூக் காலத்தில் எல்லாம் அமைதியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1980இல் ரா ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள்.

தேர்வுக்காரிக்கு ஒன்று: இப்போது நிலைமை வேறு. ஐபி, ரா தலைவர்களுக்கு இரண்டாண்டு உறுதியான பதவிக்காலம் உண்டு. 2014 மே மாதம் ஆட்சி மாறியபோது ஐபியில் ஆசிப் இப்ராஹிம், ராவில் அலோக் ஜோஷி. இருவரும் முந்தைய ஆட்சி நியமித்தவர்கள். டிசம்பர் வரை இருந்து காலத்தை முடித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் சிவசங்கர் மேனன் பிரதமரோடு போனார், டோவல் வந்தார். ஆலோசகர் பிரதமரின் ஆள், துறைத் தலைவர் அரசின் ஆள். இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே அந்த பிஸ்கட் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஆர்கேபுரம்_தாத்தா

கடலோரத் தம்பி, பாதி ஒத்துக்கொள்கிறேன். நாயர் போனது தப்பென்று நான் சொல்லவில்லை. வேலைநிறுத்தத்தை நான் விட்டுவிட்டதும் நிஜம்தான். ஆனால் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார் என்றால் உள்ளே விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். இரண்டாவது வேலைக்கு யாரும் மாலை போடுவதில்லை, அதனால் நான் போடுகிறேன்.

இன்னொரு கதை சொல்கிறேன், இது இனிப்பான கதை. 1995 கடைசியில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கான வேலை நடப்பதை அமெரிக்க செயற்கைக்கோள் பார்த்துவிட்டது, நரசிம்ம ராவ் நிறுத்த வேண்டியதாயிற்று. 1996 மே மாதம் தேர்தல் முடிவு வரும் சமயம், சோதனைக்குத் தயாராக இருக்கச் சொல்லி அப்துல் கலாமிடம் சொல்லியிருந்தாராம். முடிவு வேறு மாதிரி வந்தது. தோற்ற பிரதமர் என்ன செய்தார் தெரியுமா? கலாமைக் கூப்பிட்டு, அணுசக்தி ஆணையத் தலைவர் ஆர். சிதம்பரத்தையும் அழைத்துக்கொண்டு போய், அடுத்து வரப்போகிற வாஜ்பாயிடம் எல்லாவற்றையும் விளக்கச் சொன்னார். இதை 2013இல் டில்லியில் ஒரு சொற்பொழிவில் கலாமே சொன்னார். அது காவ் பெயரில் நடக்கும் நினைவுச் சொற்பொழிவு, பாருங்கள் பொருத்தத்தை.

வாஜ்பாய் அப்போது 13 நாள்தான் இருந்தார். பிறகு தேவகவுடா, பிறகு குஜ்ரால். சோதனை நடக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் கலாமும் அணுசக்தியில் சிதம்பரமும் அதே இடத்தில் இருந்தார்கள், அவர்களுடைய ஆட்களும் இருந்தார்கள். 1998 மார்ச் 19இல் வாஜ்பாய் திரும்பி வந்தார், மே 11இல் வெடித்தார்கள். இரண்டு மாதம்கூட இல்லை. எல்லாம் தயாராக மடித்து வைத்த வேட்டி மாதிரி இருந்ததால்தான் அது முடிந்தது. ராவ் இறந்த பிறகு வாஜ்பாயும் இதை வெளியில் சொன்னார், குண்டைத் தயார் செய்து கொடுத்தது அவர்தான் என்று. ஒரு ராமேஸ்வரத்துக்காரரும் ஒரு சென்னைக்காரரும் வேறு வேறு கட்சிக்காரர்களுக்கு மத்தியில் ஒரு ரகசியத்தைக் கை மாற்றிக் கொடுத்ததை நேர்முகத்தில் சொல்லுங்கள் அம்மா, சொந்த ஊர்க் கேள்விக்கும் சேர்த்து மார்க் கிடைக்கும்.

திருச்சி_தேர்வுக்காரி

சார், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, மிக்க நன்றி. கடலோரக்காற்று அண்ணா, ஆலோசகர், துறைத் தலைவர் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டேன். செந்தில் அண்ணாவுக்கும் நன்றி, ட்ரூமன் விஷயம் எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது.

சார், ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த டைப் ரிப்பன் என்ன ஆனது?

ஆர்கேபுரம்_தாத்தா

அதுவா. மறுநாள் காலை அவரே ஒரு ரிப்பனைக் கையில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாவம், கரோல்பாக்கில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். சுற்றிப் பார்த்தேன். எங்கள் மெஷினுக்கு அது அளவு சரியில்லை. நிஜமாகவே சரியில்லை, நான் பொய் சொல்லவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மே மாதக் கடைசியில், நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரிக்க ஷா கமிஷன் அமைத்தார்கள். ஒவ்வொரு துறையும் பழைய கோப்புகளைத் தோண்ட ஆரம்பித்தது, எங்கள் குறிப்பும் இருந்தபடியே போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவரும் வேறு இடத்துக்கு மாற்றலாகிவிட்டார். ஸ்டோரிலிருந்து என் இண்டென்டுக்கு ரிப்பன் ஜூன் மாதம் வந்தது. இரண்டு.