செலினா கோமஸ் சொல்லிட்டாங்க, எங்க வீட்ல எப்படி சொல்றது?

பாலக்கோட்டுக்காரி:
நேத்து நைட்டு அமெரிக்கப் பாடகி செலினா கோமஸோட டாக்குமென்டரி பாத்தேங்க, ‘மை மைண்ட் அண்ட் மீ’, 2022ல ஆப்பிள் டிவில வந்தது. 2016 டூர் ரிகர்சல்ல நான் நல்லாவே இல்லைன்னு அந்தப் புள்ள அழுவுது பாருங்க, அங்கயே நிறுத்திட்டேன், என் தம்பி மூஞ்சிதான் தெரிஞ்சுது. உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்கற லூப்பஸ் வியாதினால 2017ல கிட்னி மாத்தி, அடுத்த வருஷமே மனசு ஒடஞ்சு ஆஸ்பத்திரில இருந்து, பைபோலார்னு, அதாவது மனசு ஒரேயடியா ஏறி அப்புறம் ஒரேயடியா எறங்கற வியாதின்னு தெரிஞ்சு, 2020 ஏப்ரல்ல இன்னொரு பாடகி மைலி சைரஸ்கூட இன்ஸ்டா லைவ்ல தானே வாயத் தொறந்து சொல்லிருக்காங்க.

என் தம்பிக்கும் அதேதான். மூணு வருஷம் ஆச்சு. அப்ப ஒரு பத்து நாள் தூங்கவே இல்ல, நடுராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் போட்டு தக்காளிக்கு தண்ணி பாய்ச்சிட்டு நிப்பான், துபாய்க்கு லோடு ஏத்தப் போறேன்னு அம்மாவோட சீட்டுப் பணத்த எடுத்து ரெண்டு பழைய வண்டி வாங்கிட்டான். காத்து கருப்புன்னு மந்திரிச்சு தாயத்து கட்டி ரெண்டு மாசம் வீணாப் போச்சு, அப்புறம்தான் டாக்டர். இப்ப அதுக்கான லித்தியம் மாத்திரை போடறான், நல்லா இருக்கான், தோட்டம் பூரா அவன்தான் பாக்கறான்.

ஆனா மாத்திரைய அட்டைல இருந்து பிரிச்சு பழைய சத்து மாத்திரை டப்பால போட்டு வெச்சிருக்கோம், டப்பா மேல இருந்த லேபிளையும் அம்மா நகத்தால சுரண்டிட்டாங்க. சொந்தக்காரங்க வந்தா மாட்டுக் கொட்டாய் பின்னாடி போய் முழுங்கிட்டு வரான். இப்ப பொண்ணு பாக்கறாங்க. கல்யாணம் ஆகட்டும் அப்புறம் சொல்லிக்கலாம்ங்கறாரு அப்பா. எனக்கு மனசு ஒப்பல, அதே சமயம் சொல்லி வந்த சம்பந்தம் போயிட்டா தம்பி ஒடஞ்சிடுவானோன்னு பயமும் இருக்கு. உங்க வீட்ல யாராச்சும் சொல்லிருக்கீங்களா?

பென்னாகரம் அண்ணன்:
தங்கச்சி, செலினாவுக்கு காசு இருக்கு, அவங்க சொன்னா உலகமே கைதட்டும். நம்ம ஊர்ல டீக்கடைல ஒரு வார்த்தை விழுந்தா போதும், பைத்தியக்கார வீடுன்னு மூணு தலைமுறைக்கு பேரு நிக்கும். எங்க அக்கா மகளுக்கு, அவ அண்ணனோட வியாதிய சொல்லியே ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு, அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? அப்பாவ கோவிச்சுக்காதம்மா, அவரு பயந்துபோய் சொல்றாரு.

காவேரிப்பட்டணம் மருமக:
அண்ணா, ஊருக்கு நீங்க சொல்றது சரி, கட்டிக்கப் போற பொண்ணு ஊர்ல சேத்தி இல்லைங்களே. என் வீட்டுக்காரரோட வியாதிய என்கிட்ட மறைச்சுத்தான் கட்டி வெச்சாங்க. நான் பாத்துடக் கூடாதுன்னு அவரு கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்திரைய நிறுத்திட்டாராம், அது எனக்கு எப்படித் தெரியும்? நாலாவது மாசம் மாங்கூழ் ஃபேக்டரில சீசன், நைட்டு வேலை வேற, சுத்தமா தூக்கம் போச்சு, சம்பளம் மொத்தத்தையும் ஒரே நாள்ல செலவு பண்ணிட்டு வந்து என்னையே கத்துனாரு, நான் என்னமோ என்னைத்தான் புடிக்கலன்னு நெனச்சு அடுப்படில ஒக்காந்து அழுதுட்டு இருந்தேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டாம் நாள் தூங்காதப்பவே கூட்டிட்டுப் போயிருப்பேன், அவருக்கும் அவ்வளவு முத்தியிருக்காது. ஆறு வருஷம் ஆச்சு, சேந்துதான் இருக்கோம், ஆனா மாமியார்மேல இருக்கற கோவம் இன்னும் அடங்கல. இன்னொன்னு, முக்கியமான விஷயத்த மறைச்சு ஏமாத்திக் கட்டினா 1955 இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்த ரத்து பண்ணக் கேட்டு கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு. அப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா உங்க தம்பிய என்ன பண்ணும்னு அப்பாகிட்ட கேளுங்க.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
அக்கா, எனக்கே பைபோலார்தான், 9 வருஷம். நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில பாக்கறேன், நம்ம பக்கத்துல இருந்து பெங்களூரு பஸ் ஏறினா ஓசூர் ரோட்டுலயே இருக்கு. பொண்ணு பாக்கப் போனப்ப தனியா பேசணும்னு கேட்டு மாத்திரை அட்டையவும் டாக்டர் சீட்டையும் கைல குடுத்துட்டேன். முதல் ரெண்டு வீட்ல வேண்டாம்னுட்டாங்க, பொய் சொல்லல, ரொம்ப வலிச்சுது, ஒரு மாசம் யாருகிட்டயும் பேசல. மூணாவது பொண்ணு அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இத போட்டா தூக்கம் வருமான்னு கேட்டா. அவதான் இப்ப வீட்ல.

ஒண்ணே ஒண்ணு, நீங்களோ அப்பாவோ சொல்லாதீங்க, தம்பி சொல்லட்டும். செலினா விஷயத்த அவங்கம்மாவா வந்து சொன்னாங்க? அம்மான்னதும் ஞாபகம் வருது, சின்ன வயசுல செலினாவுக்கு இடின்னா பயமாம், அவங்கம்மா இடி மின்னல் பத்தி புக்கா வாங்கிக் குடுத்தாங்களாம், தெரிஞ்சுக்கிட்டா பயம் கொறையும்னு. பொண்ணு வீட்டுக்கும் அதேதாங்க, விருப்பப்பட்டா டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, அவங்களே கேக்கட்டும். ராத்திரி திடீர்னு ஏதாச்சும் ஆனா யாரக் கேக்கறதுன்னு முழிக்காம 14416க்கு போடுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட்டோட மனநல உதவி லைன், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

தம்பி தோட்ட வேலைன்னு சொன்னதால இதயும் சொல்லிடறேன். வெயில்ல வேர்த்துக் கொட்டி தண்ணி குடிக்காம இருந்தா ரத்தத்துல லித்தியம் ஏறிடும். கை ரொம்ப நடுங்குனாலோ, வாந்தி பேதி வந்தாலோ, நடை தள்ளாடுனாலோ அன்னிக்கே டாக்டர பாக்கணும். உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபென் வாங்கிப் போடவே கூடாது, அதுவும் ஏத்திவிடும்.

பாலக்கோட்டுக்காரி:
ஐயோ, போன வாரம்தான் முதுகு வலின்னு கடைல ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டான். இப்பவே கேக்கறேன்.

சாயங்காலம் தம்பிகிட்ட இந்த பதில் எல்லாத்தையும் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் “நான் பேசறேங்க்கா, நீ அப்பாவ மட்டும் பாத்துக்க”ன்னான். ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போறோம். காவேரிப்பட்டணம் அக்கா, நீங்க எழுதினத அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், அவங்க எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. நாளைக்கு அவனுக்கு லித்தியம் ரத்த டெஸ்ட், காலைல மாத்திரை போட்டுட்டுப் போகணுமா போடாமயா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:
போடாம போங்க. நைட்டு போட்டதுல இருந்து 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கணும், எடுத்ததும் போட்டுக்கலாம். அந்த வலி மாத்திரை அட்டைய தூக்கிப் போட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.