பாட்டில் தண்ணீரால்தான் தண்ணீர்ப் பஞ்சமா?

கணக்கர்:
பாட்டில் தண்ணீர் விற்பதால்தான் பஞ்சம் வருகிறது என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அளவைப் பாருங்கள். ஐ.நா. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகம் முழுக்க ஆண்டுக்கு விற்பது சுமார் 35,000 கோடி லிட்டர். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு, ஏரி, நிலத்தடி எல்லாம் சேர்த்து மனிதர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் நன்னீர் சுமார் 4,000 கன கிலோமீட்டர். ஒரு கன கிலோமீட்டர் என்பது ஒரு லட்சம் கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எடுக்கும் நீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஒரே ஒரு பருத்திச் சட்டைக்குப் பின்னால் சுமார் 2,700 லிட்டர் இருக்கிறது. பஞ்சத்தைத் தீர்க்க நினைப்பவர்கள் பாசன முறையைப் பற்றிப் பேசட்டும்.

ஊற்றுக்கண்:
உலகத்தையே சேர்த்துச் சராசரி போட்டால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும் ஐயா. பஞ்சம் உலகத்துக்கு மொத்தமாக வருவதில்லை. ஒரு ஓடைக்கு வரும், ஒரு ஊரின் கிணறுகளுக்கு வரும்.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ தேசிய வனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஊற்றுகளின் நீரை நெஸ்லே நிறுவனம் குழாய் வழியாகக் கீழே கொண்டுவந்து பாட்டிலில் அடைத்தது. அந்தக் குழாய்க்கான வனத்துறை அனுமதி 1988-லேயே காலாவதியாகிவிட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கு 524 டாலர் மட்டும் கட்டிக்கொண்டு எடுப்பது தொடர்ந்தது. கடும் வறட்சி நிலவிய 2015-இல்தான் இது செய்தியாகி மக்கள் கொதித்தார்கள். கடைசியில் 2023-இல் மாநில நீர்வள வாரியம், அந்த வணிகத்தைப் பின்னர் வாங்கிய புளூட்ரைடன் நிறுவனத்திடம், உரிமையில்லாமல் எடுப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. மழையில்லாத மாதங்களில் மலை ஓடையில் ஓடுவதே ஊற்று நீர்தான். அதையும் எடுத்துவிட்டால் ஓடையில் என்ன மிஞ்சும்?

கணக்கர்:
அனுமதியைக் கவனிக்காமல் விட்டது அரசு. அதே மாநிலத்தில் மனிதர்கள் பயன்படுத்தும் நீரில் சுமார் 80 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஒரு மலை ஓடையைக் காட்டி மாநிலத்தின் வறட்சிக்கே பாட்டிலைப் பொறுப்பாக்க முடியாது.

மண்ணடி:
நான் நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலச் சரியும். பக்கத்துக் கிணற்றில் அளவு நாடாவை இறக்கிப் பார்த்தால், காலையில் நாடா நனைந்த இடத்துக்கும் மாலையில் நனைந்த இடத்துக்கும் உள்ள இறக்கம் கண்ணுக்கே தெரியும். மோட்டாரை நிறுத்தினால் மட்டம் மெல்ல ஏறும். பாசனத்துக்கு இறைப்பவர் அறுவடை முடிந்ததும் நிறுத்துவார். பாட்டில் ஆலைக்கு அறுவடை ஏது? வெயில் ஏற ஏற விற்பனை ஏறும், மட்டம் இறங்கும் மாதங்களில்தான் ஆலை கூடுதல் ஷிப்டு ஓடும். முதலில் வற்றுவது பக்கத்தில் இருக்கும் ஆழமில்லாத வீட்டுக் கிணறு. அந்த வீட்டுக்காரரிடம் போய் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லிப் பாருங்கள்.

பிரான்சில் வித்தெல் என்ற ஊரின் பெயரே ஒரு பாட்டில் தண்ணீரின் பெயர். அங்கே ஆழத்தில் உள்ள மணற்கல் அடுக்கில் நீர்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 30 செ.மீ. வீதம் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் ஆலை மட்டும் காரணமில்லை, பாலாடைக்கட்டி ஆலையும் ஊர்க் குடிநீரும் அதே அடுக்கை நம்பித்தான் இருந்தன. ஆனால் தீர்வாக என்ன யோசித்தார்கள் தெரியுமா? ஊர் மக்களுக்கு வேறு இடத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று! எதிர்ப்பு வலுத்து 2019-இல் அது கைவிடப்பட்டது. இப்படி ஒரு யோசனை மேசைக்கு வந்ததே எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாகம்:
தண்ணீர் எடுப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், குடிப்பவர்கள் யார் என்று பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் நகரத்தின் குடிநீரை 2014-இல் ஆற்று நீருக்கு மாற்றினார்கள், பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குடிநீரில் கலந்தது. அந்த மக்கள் நாளைத் தள்ளியது பாட்டில் தண்ணீரால்தான். வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் முதல் லாரியில் வருவதும் அதுதான். குழாயில் வருவதைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாத தாயிடம் போய், உன்னால்தான் பஞ்சம் என்று சொல்வது நியாயமில்லை.

ஊற்றுக்கண்:
அந்தத் தாயை யாரும் குறை சொல்லவில்லை. நீங்களே மிச்சிகனைச் சொன்னதால் மிச்சத்தையும் சொல்கிறேன். பிளின்ட் மக்கள் விஷக் குழாய்க்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தபோது, அதே மாநிலத்தின் இன்னொரு பகுதியில் ஆண்டுக்கு வெறும் 200 டாலர் கட்டணத்தில் நெஸ்லே கிணற்று நீரை எடுத்துக்கொண்டிருந்தது. 2018-இல் ஒரு கிணற்றில் நிமிடத்துக்குச் சுமார் 1,500 லிட்டர் வரை எடுக்க அனுமதியும் கிடைத்தது.

எனக்கு உண்மையான கவலை இதுதான்: வசதி உள்ளவர் பாட்டிலுக்கு மாறியதும் குழாயைச் சரிசெய் என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார். கேட்கும் குரல் குறைந்தால் குழாய்க்கு ஒதுக்கும் பணமும் குறையும். அப்புறம் வசதி இல்லாதவரும் கடன்பட்டுப் பாட்டில் வாங்க வேண்டியதுதான். ஆற்றில் நீர் இருந்தும் வீட்டில் குடிக்க இல்லை என்றால் அதுவும் பஞ்சம்தானே?

தாகம்:
குழாய் சரியாகும் வரை என்ன குடிப்பது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வடிகட்டி:
பாட்டில் ஆலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பாட்டிலில் இருப்பது ஒரு லிட்டர், செலவானது அதைவிட அதிகம். பாட்டிலை அலசிய நீர், வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவிய நீர், ஆர்.ஓ. எந்திரம் உப்போடு ஒதுக்கித் தள்ளும் நீர் எல்லாம் வாய்க்காலுக்குப் போகும். தொழில் தரப்பின் சொந்தக் கணக்கே லிட்டருக்குச் சுமார் 1.4 லிட்டர். அமெரிக்க நீர் ஆய்வு அமைப்பான பசிபிக் இன்ஸ்டிட்யூட் பாட்டில் தயாரிப்பையும் சேர்த்து 3 லிட்டர் என்று மதிப்பிட்டது.

கணக்கர்:
மூன்றால் பெருக்கினாலும் மொத்தத்தில் அது துளிதான். மண்ணடி சொன்ன புனல் சரிவு எல்லா ஆழ்துளைக்கும் பொருந்தும். துணி ஆலை, காகித ஆலை, புல்வெளி, பணப்பயிர் எதற்கும் இல்லாத தடை பாட்டிலுக்கு மட்டும் ஏன்?

மண்ணடி:
தடை என்று நான் சொல்லவில்லை. வயலில் பாய்ந்ததில் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்புகிறது. பாட்டிலில் அடைத்தது லாரி ஏறிப் போனால் அந்த ஊருக்குத் திரும்புவதே இல்லை.

கணக்கர்:
பயிரின் இலை வழியாக ஆவியாவதும் திரும்பாது. அந்த அளவோடு ஒப்பிட்டால் லாரியில் போவது எம்மாத்திரம்?

மண்ணடி:
சரி, விதிமுறைக்கே வருவோம். கனடாவின் ஒன்டாரியோவில் 2016-இல் பாட்டிலுக்காகப் புதிதாக நீர் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். 2017-இல் பத்து லட்சம் லிட்டருக்கு 3.71 டாலராக இருந்த கட்டணத்தை 503.71 ஆக்கினார்கள். 2021-இல் நிறுத்திவைப்பு முடிந்தது. ஆனால் நாளைக்கு 3,79,000 லிட்டருக்கு மேல் புதிதாக எடுக்க விரும்பும் பாட்டில் நிறுவனம் அந்த ஊர் நகராட்சியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றாயிற்று. இதோடு கண்காணிப்புக் கிணற்றில் மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதையும் உரிமத்திலேயே எழுதிவிட்டால் போதும்.

கணக்கர்:
அந்த நிபந்தனை அதே அடுக்கிலிருந்து எடுக்கும் எல்லோருக்கும் என்றால் எனக்குச் சம்மதம். பாட்டில் ஆலைக்கு மட்டும் என்றால் இல்லை.

ஊற்றுக்கண்:
எல்லோருக்கும் வரும்வரை ஆலைக்கும் வேண்டாம் என்று இழுத்தடிக்காதீர்கள். ஆலையில் மீட்டர் இருக்கிறது, எடுத்த அளவு அவர்கள் கையிலேயே இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.