டியோர் பாவாடையில் சுவரொட்டிக் கிழிசல்: கொப்பளம் போகவில்லை

கேள்வி:
மூன்றடிக் கேன்வாஸில் 1947-இல் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய பாணியில் ஒரு பெண்ணை வரைகிறேன்: ஒடுங்கிய இடை, குடைபோல் விரிந்த பாவாடை. பாவாடைக்கு மட்டும் வண்ணமில்லை. தெருச் சுவரொட்டிக் கிழிசல்களும் பழைய செய்தித்தாளும்தான். ஒட்டியதும் தாள் ஆங்காங்கே எழும்பிவிட்டது. இடுப்பருகே ஒரு கொப்பளம், உப்பிய பூரியேதான். போதாக்குறைக்கு, ஜன்னலோரம் வைத்திருந்த மாதிரித் துண்டு நான்கே மாதத்தில் டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் 1:
காய்ந்த தாளை அப்படியே ஒட்டினீர்களா? ஈரம் பட்டால் தாள் விரியும். முதலில் லேசாக நனைத்து விரியவிடுங்கள். பிறகு தாளின் பின்புறமும் கேன்வாஸிலும் அக்ரிலிக் மீடியம் (நிறமி இல்லாத, பசைபோல் ஒட்டும் அக்ரிலிக் கலவை) பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். பூரியை பிளேடால் கீறி, உள்ளே மீடியம் விட்டு அமுக்கலாம்.

பதில் 2:
மஞ்சளாவது தாளிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருளால். வார்னிஷ் பூசினாலும் முழுதாக நிற்காது. அமிலமில்லாத தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், மை கசியும்.

பதில் 3:
கொப்பளம் இருந்தால்தான் என்ன? பிரெஞ்சுக் கலைஞர்கள் ரேமோன் ஹைன்ஸும் ஜாக் வில்லெக்லேயும் 1949-இல் பாரிஸ் சுவர்களில் உரித்த சுவரொட்டிகளையே படைப்பாக்கினார்கள்.

கேட்டவர்:
அவர்கள் படைப்பில் டியோர் இடுப்பு இல்லையே, ஐயா! கீறி அமுக்கினேன், படிந்துவிட்டது. மஞ்சளைப் பாவாடையின் கீழ் விளிம்பில் மட்டும் விட்டுவைக்கிறேன். தெருப்புழுதி ஏறியதுபோல் இருக்கிறது.