பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் ஆய்வு: பணம், சான்றிதழ், மாநாடு எந்த வரிசையில்?

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எம்டி சமூக மருத்துவம், முதலாண்டு. திருநெல்வேலி மாவட்டம் பாப்பாக்குடி ஒன்றியத்தில் முக்கூடலும் சுற்றுக் கிராமங்களும் சேர்த்து, வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் செயல்திறனை, அதே தெருவில் பீடி சுற்றாத பெண்களோடு ஒப்பிடுவதாகத் தலைப்பு. கைடு சம்மதித்துவிட்டார். "இருநூறு பேர் போதும்" என்கிறார்.

ஊதும் மூச்சை அளக்கும் கருவியான ஸ்பைரோமீட்டர் துறையில் இருக்கிறது. ஆளுக்கொரு ஃபில்டர், பஸ் செலவு, உதவிக்கு ஒரு ஆள், இதெல்லாம் கைக்காசில் முடியாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பிஜி, அதாவது முதுநிலை, ஆய்வேட்டுக்குப் பணம் தருகிறதாமே, இப்போதே போடலாமா? பிசிபிஆர் (மருத்துவ ஆய்வு அடிப்படைப் பாடம்), ஜிசிபி (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) இரண்டு சான்றிதழில் எதை முதலில் முடிப்பது? புள்ளியியலை நேரில் படிக்கச் சென்னைக்குத்தான் போகவேண்டுமா? மாநாட்டில் வாசிக்க எப்போது தயாராக வேண்டும்? முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கு வருகிறவர்களையே எடுத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம் என்றும் ஒரு யோசனை.

ஹைகிரவுண்ட்வாசி:
டாக்டர், கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மருத்துவமனைக்கு வருகிறவர்களை எடுக்காதீர்கள். இருமலும் இளைப்பும் உள்ளவர்கள்தான் அங்கே வருவார்கள். நல்லபடி இருப்பவர் வீட்டில் சுளகோடு உட்கார்ந்திருப்பார். பாதிப்பு உண்மையில் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒப்பீட்டுக்கு மட்டும் தெருவிலிருந்து ஆள் எடுத்தால் இன்னும் மோசம். பீடித் தொழிலாளர் அட்டை வைத்திருப்பவர் பட்டியலை மட்டும் நம்பினாலும் ஓட்டை உண்டு. அட்டை இல்லாமல், இன்னொருவர் கணக்கில் சுற்றுகிறவர்கள் விட்டுப்போவார்கள். தெருத் தெருவாக வீட்டுப் பட்டியல் நீங்களே எடுப்பதுதான் சரி.

மற்றபடி எல்லாமே ஆய்வுத் திட்டத்தில் தொங்குகிறது. திட்டம் முடியாமல் நெறிமுறைக் குழுவுக்குப் போக முடியாது. குழுவின் கடிதம் இல்லாமல் பணமும் வராது, பட்டியலில் ஒரு பெயரும் சேர்க்க முடியாது. நடந்து முடிந்த வேலைக்குப் பின்தேதியிட்டு எந்தக் குழுவும் ஒப்புதல் தரக்கூடாது. "சும்மா பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன்" என்கிற பைலட் (முன்னோட்ட) ஆய்வும் இதில் அடக்கம்.

குழுவுக்குப் போகும் ஆவணங்களில் பலரும் கோட்டை விடுவது தமிழ் ஒப்புதல் படிவத்தில். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து "நுரையீரல் செயற்பாட்டுப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுவீர்கள்" என்று எழுதினால் அந்த அம்மாவுக்கு என்ன விளங்கும்? "மூக்கைக் கிளிப் போட்டு மூடி, ஒரு குழாயில் முழு மூச்சையும் பலமாக ஊதச் சொல்வோம். மூன்று தடவையாவது, சில பேருக்கு எட்டுத் தடவை வரை. கொஞ்சம் தலை சுற்றலாம்" என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். உங்களோடு வருகிற இண்டர்ன் சாட்சி ஆகமாட்டார்.

2019 மருந்து விதிகளின்படி இந்த வகை ஆய்வைப் பார்க்கும் குழு, மத்தியச் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுக்குக் காலக்கெடு உண்டு. உங்கள் கல்லூரிக் குழுவின் பதிவு இன்றைய தேதிக்கு நடப்பில் இருக்கிறதா என்று உறுப்பினர் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் தருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவது உங்கள் ஆய்வுக்குக் கட்டாயமல்ல. மருந்தோ சிகிச்சையோ கொடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்குத்தான், 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்தாகவேண்டும். கட்டணம் இல்லை என்பதால் பதிந்து வைத்தாலும் நட்டமில்லை.

சான்றிதழ்: பிசிபிஆர்தான் முதலில். அதை நடத்துவது சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். பாடம் முழுக்க இணையத்தில். பாடத்துக்குச் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிந்து பணம் கட்டுவது வேறு. வீடியோ எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் தேர்வுப் பதிவை விட்டவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள். வீட்டுப்பாடத்துக்கும் கெடு உண்டு, தவறினால் தவறியதுதான். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி, இனிஷியல் வரை சரியாக, போடுங்கள். ஜிசிபி ஓரிரு நாளில் முடிவது. இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

நேரில் படிக்க, நமக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் ஆய்வுமுறை பற்றிக் குறுகிய பயிற்சிகள் நடக்கும். வேலூர் சிஎம்சி உயிர்ப்புள்ளியியல் துறையும் நல்ல இடம்.

கைவர்க்கம்:
இருநூறு என்பது கைடு காற்றில் சொன்னதா, கணக்கா? இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்போம்.

"மூச்சுத்தடை உள்ளவர் எத்தனை சதவீதம்" என்று ஒப்பிட்டால்: பீடி சுற்றுகிறவர்களில் 30, மற்றவர்களில் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பிக்கை, 80 சதவீதத் திறன். (1.96 + 0.84) இன் வர்க்கம் 7.84. அதை (0.3 × 0.7 + 0.15 × 0.85), அதாவது 0.3375 ஆல் பெருக்கி, வித்தியாசம் 0.15 இன் வர்க்கமான 0.0225 ஆல் வகுத்தால் 117.6. ஒரு பக்கத்துக்கு 118 பேர்.

இது ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால். நீங்கள் தெருவைக் குலுக்கி, தெருவுக்குப் பதினொரு பேர் எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரே தெருக்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதற்கு விலை கொடுக்கவேண்டும். தெருவுக்குள் ஒப்புமை 0.05 என்றால் 1 + 10 × 0.05 = 1.5 மடங்கு. 177 ஆகிவிட்டது. பத்தில் ஒருவர் மறுப்பார் அல்லது சரியாக ஊதமாட்டார் என்று வைத்து 0.9 ஆல் வகுத்தால் 197. இங்கே பாதிப்பேர் 1.1 ஆல் பெருக்கி 195 என்பார்கள், அது குறைவு. இரண்டு பக்கமும் சேர்த்து 394. ஒரு பிஜி தனியாளாகச் செய்ய இது அதிகம்.

இப்போது எஃப்ஈவி1, அதாவது பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு, அதன் சராசரியை ஒப்பிடுங்கள். திட்டவிலக்கம் 0.4 லிட்டர், கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசம் 0.2 லிட்டர் என்றால்: 2 × 7.84 × 0.16 வகுத்தல் 0.04 = 62.7. 63 பேர். 1.5 மடங்குக்கு 95, மறுப்புக்கு 106. மொத்தம் 212. ஆக உங்கள் கைடு காற்றில் சொல்லவில்லை. ஆனால் குழுவில் "ஏன் இருநூறு" என்று கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டவேண்டும், 0.4, 0.2, 0.05 மூன்றுக்கும் நம்மூர் மாதிரி மக்களிடம் செய்து வெளியான ஆய்வை ஆதாரமாகக் காட்டவேண்டும். இங்கே போட்டது வழி காட்டத்தான், அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

விறகடுப்பு, வீட்டில் பீடி குடிக்கிற ஆண், முன்பு வந்த காசநோய், வயது, உயரம்: இந்த ஐந்தும் படிவத்தில் இல்லையென்றால் பிறகு எந்தப் புள்ளியியலாளரிடம் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

பில்_வவுச்சர்:
பண விஷயம். ஐசிஎம்ஆர் ஆய்வேட்டு உதவிக்குப் போடலாம், ஆனால் அதை நம்பி உலை வைக்காதீர்கள். அழைப்பு வந்த பிறகுதான் போட முடியும். நெறிமுறைக் கடிதம் வேண்டும், நிறுவனத் தலைவர் ஒப்பம் வேண்டும். முடிவு வர மாதங்கள் ஆகும். அதற்குள் உங்கள் களவேலை பாதி முடிந்திருக்க வேண்டும். பணமில்லாமலும் முடிகிற மாதிரி ஆய்வை அமையுங்கள். பணம் வந்தால் எதைக் கூட்டுவது என்று ஒரு பத்தி தனியாக எழுதி வையுங்கள்.

பட்ஜெட்டில் "இதர செலவு" என்று மொத்தமாகப் போட்டால் வெட்டிவிடுவார்கள். 212 பேருக்கு ஃபில்டர், வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 234. அதற்கு மூன்று இடத்து விலைப்புள்ளி. போக்குவரத்து என்றால் எத்தனை நாள், எந்த ஊர், எந்த வண்டி. புதுக் கருவி கேட்காதீர்கள், துறையில் இருப்பதைச் சொல்லுங்கள்.

வந்த பணம் உங்கள் கணக்குக்கு வராது, நிறுவனக் கணக்குக்கு வரும். முன்பணம் எடுத்தால் வவுச்சர் கொடுத்து நேர்செய்யாமல் அடுத்த முன்பணம் இல்லை. மத்திய அரசுப் பணத்துக்குப் படிவம் 12-ஏ யில் பயன்பாட்டுச் சான்று. வங்கி போட்ட வட்டியையும் கணக்குக் காட்டித் திருப்பவேண்டும். நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது என்பதை மறந்து ஏப்ரலில் பில் கொண்டுவருகிறவர்களால்தான் பாதித் தலைவலி.

தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்தில் மருத்துவப் பிரிவும் உண்டு. தொகை சிறிது, ஃபில்டரில் ஒரு பகுதிக்கு ஆகும். இன்ஹேலர் கம்பெனிக்காரர் "மெஷினும் ஆளும் நாங்கள் தருகிறோம், கேம்ப் போடுங்கள்" என்று வருவார். வேண்டாம். கேம்பில் ஒப்புதல் இல்லாமல் எடுத்த அளவு ஆய்வுக்குச் செல்லாது, கடைசியில் யார் செலவில் நடந்தது என்றும் எழுதவேண்டி வரும்.

எம்பிபிஎஸ் தம்பி தங்கைகள் யாராவது கூட வரக் கேட்டால், அவர்களுக்கு ஐசிஎம்ஆரின் குறுகியகால மாணவர் உதவித்தொகை இருக்கிறது: இரண்டு மாதம், 50,000 ரூபாய், அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் கைக்கு வரும். ஒரு கைடுக்கு ஒரு மாணவர். உங்கள் ஆய்வேட்டில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்காதீர்கள். கழுத்துவலி, முதுகுவலி என்று அவர்களுக்குத் தனிக் கேள்வி இருக்கட்டும்.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, மேடம், எல்லாருக்கும் நன்றி. எஃப்ஈவி1 சராசரிக்கே போகிறேன். இரண்டு சந்தேகம். வீட்டுத் திண்ணையில் ஸ்பைரோமீட்டர் வைத்து எடுத்தால் ஏற்பார்களா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களை முக்கால் மணிநேரம் உட்காரவைத்தால் அவர்கள் கூலி போகுமே, காசு கொடுக்கலாமா?

முழுமூச்சு:
திண்ணையில் எடுக்கலாம், தரம் காட்டினால். தினமும் கிளம்பும் முன் 3 லிட்டர் சிரிஞ்சால் சரிபார்ப்பு. 3 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும், எழுதியும் வைக்கவேண்டும். கார் டிக்கியில் வெயிலில் கிடந்த கருவியை எடுத்தவுடன் ஊதச் சொல்லாதீர்கள். சித்திரையில் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது கருவிக்கும் நல்லது, ஊதுகிறவருக்கும் நல்லது.

ஏற்கத்தக்க ஊதல் மூன்று வேண்டும். அதில் பெரிய இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. எட்டுக்கு மேல் ஊதச் சொல்லக்கூடாது. பெரும்பாலும் கெடுவது மூன்று இடத்தில்: முழுதாக மூச்சு இழுக்காமல் ஊதுவது, தொடக்கத்தில் தயங்குவது, "போதும்" என்று பாதியில் விடுவது. முதலில் நீங்கள் ஊதிக் காட்டுங்கள். மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் சுற்றி நின்று சிரித்தால் யாரும் பலமாக ஊதமாட்டார்கள். ஓர் ஓரமாக நாற்காலி போடுங்கள். உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுதுங்கள். கேட்டு எழுதிய உயரத்தால், வயதையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் எதிர்பார்ப்பு அளவே தப்பாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அன்றைக்கு ஊதவிடாமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் மாரடைப்போ கண் அறுவையோ, நான்கு வாரத்துக்குள் வயிறு அல்லது நெஞ்சு அறுவையோ நடந்திருந்தால் வேண்டாம். முதல் நொடிக் காற்றை மொத்தம் ஊதிய காற்றால் வகுத்து, 0.70 என்ற ஒரே கோட்டை வைத்து மூச்சுத்தடை சொல்லாமல், வயதுக்கேற்ற கீழ்வரம்பையும் சேர்த்துக் காட்டுங்கள். எதிர்பார்ப்பு அளவுக்கு எந்தச் சமன்பாடு என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், முடிவைப் பார்த்துவிட்டு மாற்றக்கூடாது.

கூலிக்கு: கேள்விகளை அவர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம், கை ஓடும், வாய் பதில் சொல்லும். ஊதும்போதுதான் சுளகை இறக்கவேண்டும். அந்த நேரத்துக்கு ஈடு கொடுக்க ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆசைகாட்டி இழுக்கிற தொகையாக இருக்கக்கூடாது. எவ்வளவு, எப்படி என்று படிவத்தில் எழுதிக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பாதியில் விலகினாலும் கொடுக்கவேண்டும். பீடியைக் கடைக்குக் கொண்டுபோகும் நேரத்தை முதல் நாளே விசாரித்து, அந்த நேரத்தில் போகாதீர்கள்.

ஹைகிரவுண்ட்வாசி:
மாநாடு விட்டுப்போச்சு. சமூக மருத்துவத்துக்கு ஐஏபிஎஸ்எம் (இந்தியத் தடுப்பு, சமூக மருத்துவச் சங்கம்), ஐபிஎச்ஏ (இந்தியப் பொதுச் சுகாதாரச் சங்கம்) இரண்டின் மாநில, தேசியக் கூட்டங்கள்தான் உங்களுக்கு. ஆய்வுச் சுருக்கம் அனுப்புவதற்கான கெடு மாநாட்டுக்கு மாதங்கள் முன்பே முடிந்துவிடும். "முடிவுகள் வரவிருக்கின்றன" என்று எழுதிய சுருக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். அதனால் இரண்டாம் ஆண்டு நடுவில் பாதித் தரவாவது அலசி வைத்திருங்கள். வாசிப்பவர் தனியாகக் கட்டணம் கட்டிப் பதியவேண்டும், சுருக்கம் தேர்வானால் மட்டும் போதாது. உள்நாட்டு மாநாட்டுப் பயணத்தைக் கைக்காசாகவே கணக்கு வையுங்கள். ஐசிஎம்ஆரின் பயண உதவி வெளிநாட்டுக்குத்தான். "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று முதலாண்டு பிஜிக்கு அழைப்பு மெயில் வந்தால் அது போலி மாநாடு, அழித்துவிடுங்கள்.