கைக்குழந்தையோடு இரவு வண்டி: எத்தனை பைகள், எத்தனை கைகள்?

தாமிரபரணி:

விடுமுறைக் காலம் நெருங்குகிறது. சிறு குழந்தைகளோடு தொலைதூரம் போகிறவர்கள், வழியில் யாரைச் சந்தித்தீர்கள், அவர்களிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதினால் மற்ற பெற்றோருக்கு உதவியாக இருக்கும். நானே தொடங்கிவைக்கிறேன். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பிறந்த வீடும் புகுந்த வீடும் திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை வயது. ஆகவே எழும்பூரிலிருந்து தெற்கே போகும் இரவு வண்டிதான் எங்கள் வழக்கமான பயணம்.

படுக்கை வசதிப் பெட்டியில் ஒரு பயணச்சீட்டுக்கு 40 கிலோ வரை சுமையைக் கட்டணமின்றிக் கொண்டுபோக ரயில்வே அனுமதிக்கிறது. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டு வேண்டாம், ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு நான்கு பேர், இரண்டு படுக்கை, 80 கிலோ அனுமதி என்று கணக்கு வருகிறது. ஆனால் இடைப்பட்ட நிலையங்களில் வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடம். இருட்டில், தூங்கி விழும் பிள்ளைகளை இறக்கி, படிக்கும் நடைமேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கடந்து, அதற்குள் எல்லாச் சுமையையும் இறக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் 80 கிலோ அனுமதியால் எந்தப் பயனும் இல்லை.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் கோவில்பட்டியில் எங்கள் பெட்டியில் ஏறிய ஒரு பெண்மணி. நாங்கள் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பெரிய பெண் நடுப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். மூன்று குழந்தைகளுக்கும் அவருக்குமாக இருந்தது ஒரே ஒரு கட்டைப்பைதான். நான் வியப்போடு, "இவ்வளவுதானா, அக்கா?" என்று கேட்டேன். "பிள்ளைய பிடிக்கதுக்கு ஒரு கை போயிருதுல்லா. மிச்சம் இருக்கது ஒரு கைதான, அதுக்குத் தக்கனதான் பை" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பையிலிருந்து எடுத்தவற்றை நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் வந்தது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட ஒரு பழைய நூல் புடவை. அதை எதிரெதிர் மேல் படுக்கைகளின் கம்பிகளில் இறுகக் கட்டி, கீழ்ப் படுக்கையின் உயரத்துக்கு மேல் போகாதபடி தாழ்வாகத் தூளி அமைத்தார். குழந்தை தூங்கும்வரை ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார். தூங்கிய பின் இறக்கித் தன் பக்கத்தில் சுவரோரமாகப் படுக்கவைத்துக்கொண்டு, தூளியை அவிழ்த்து அதே புடவையைப் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டார். நள்ளிரவில் குழந்தை பாலுக்கு அழுதபோது அதே புடவையின் ஒரு தலைப்பு மறைப்பாயிற்று. போர்வை, விரிப்பு, பாலூட்டும் மறைப்புத் துணி, துவாலை என்று நான் தனித்தனியாக வாங்கி வைத்திருந்தவை அனைத்தின் வேலையையும் அந்த ஆறு கெஜத் துணி செய்துகொண்டிருந்தது. ஓடும் வண்டியில் தூளி கட்டுவோர் முடிச்சை இழுத்துச் சரிபார்க்க வேண்டும், குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டுத் தாம் தூங்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு உடுத்திய துணி போக ஆளுக்கு ஒரு மாற்று உடைதான் வைத்திருந்தார். போகிற இடம் உறவினர் வீடு. அங்கே கிணறும் கொடியும் இருக்கின்றன, நம் வெயிலில் ஒரு சின்னச் சட்டை காய எவ்வளவு நேரமாகும் என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயமானது. உணவுக்கு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லி. நடுப்பிள்ளைக்கு மட்டும் பொடி தடவாதது. கைக்குழந்தைக்கு ஒரு சின்ன டப்பாவில் வறுத்து அரைத்த சத்துமாவு. இலையும் காகிதமும் இரவே குப்பைக்குப் போய்விட்டதால், காலையில் அவர் இறங்கும்போது பை ஏறியபோது இருந்ததைவிட இலேசாக இருந்தது.

அவர் ஊரின் கடலைமிட்டாயை என் மகளுக்கும் கொடுத்தார். புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தின்பண்டத்தை மறுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் சின்னவனுக்குத் தர வேண்டாம் என்று அவரே தடுத்தார். முழுக் கடலை சிறு குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியது. ஆடும் வண்டியில் அந்த ஆபத்து கூடுதல். பயணத் தீனி வாங்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது நாங்கள் புறப்படும் முன் பைகளை எடை பார்ப்பதில்லை. கைகளை எண்ணுகிறோம். பெரியவர் இருவருக்கும் நான்கு கைகள், அவற்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. ஒரு கை எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். கம்பியைப் பிடிக்க, சீட்டைக் காட்ட, ஓடும் பிள்ளையை எட்டிப் பிடிக்க அந்தக் கை தேவைப்படுகிறது. எஞ்சிய ஒரு கைக்கு ஒரு பை, முதுகில் ஒரு பை. இவற்றில் அடங்காத எதையும் நாங்கள் எடுத்துச்செல்வதில்லை.

பவானி:

தாமிரபரணி அவர்களின் கணக்கு உறவினர் வீட்டுக்குப் போவோருக்கு நன்றாகப் பொருந்தும். சுற்றுலா செல்வோருக்கும், அதுவும் குளிர்ப் பிரதேசத்துக்குச் செல்வோருக்கும் அது பொருந்துமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. எங்கள் இரட்டைக் குழந்தைகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தபோது உதகைக்குப் போனோம். சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி விரைவு வண்டியில் ஏறி, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மலை ரயிலைப் பிடிப்பது திட்டம். 2005 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்தப் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர்தான். ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு வண்டி மெல்ல ஏறுகிறது.

மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதே பெரிய பெட்டிகளோடு வந்த குடும்பங்களின் தவிப்பைக் கண்டோம். மலை ரயிலின் பெட்டிகள் சிறியவை. இருக்கைகளுக்கு இடையே முழங்கால் இடிக்கும் அளவுக்குத்தான் இடம். எங்கள் எதிரே அமர்ந்த ஒரு தம்பதி தங்கள் பெட்டியை வேறு வழியின்றி மடியில் வைத்துக்கொண்டதால், குழந்தையைச் சன்னலருகே உட்காரவைக்க முடியாமல் வழியெல்லாம் தோளிலேயே சுமந்தார்கள். அந்தப் பிள்ளை பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் பார்க்கத்தானே வந்தது! என் மனைவி அவர்கள் மகனை எங்கள் பக்கச் சன்னலுக்கு அழைத்து, எங்கள் பிள்ளைகளோடு நிற்கவைத்தாள். பெட்டிக்குள் கழிப்பறை இல்லாததால், வண்டி நிற்கும் நிலையங்களில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டியிருந்தது. அப்போதும் தாமிரபரணி அவர்கள் சொன்ன அந்த வெறுங்கைதான் உதவியது.

குளிருக்கு நாங்கள் கனமான கம்பளிச் சட்டை எடுத்துப் போகவில்லை. பருத்தி உள்சட்டை, அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை என்று அடுக்கி அணிவித்தோம். மேட்டுப்பாளையத்தின் வெக்கையில் ஒவ்வொன்றாகக் கழற்றவும் குன்னூருக்கு மேல் ஒவ்வொன்றாகப் போடவும் அது எளிதாக இருந்தது. காதை மூடும் குல்லாவும் காலுறையும் மட்டும் இரண்டிரண்டு. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் தண்ணீர்க் குப்பியைக் கொண்டுபோவது நல்லது. குன்னூரில் தேநீர் விற்ற பெரியவர் ஒருவர், பாலைக் கலக்க நாங்கள் கேட்ட வெந்நீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "கொழந்தைக்கு வெந்நீருன்னா யாருங்க காசு வாங்குவாங்க?" என்று அவர் கேட்டதை என் மனைவி இன்றும் சொல்வாள். வழியில் எதுவுமே கிடைக்காது என்ற அச்சத்தால்தான் நாம் பாதிச் சுமையைக் கட்டுகிறோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நொய்யல்:

இருவர் எழுதியதையும் ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என் மகனுக்கு ஆஸ்துமா உண்டு. வழியில் வெந்நீர் கிடைக்கும், சட்டை கிடைக்கும், இட்லி கிடைக்கும். நள்ளிரவில் ஓடும் வண்டியில் இன்ஹேலர் கிடைக்காது. ஆகவே எதைக் குறைத்தாலும் மருந்துப் பையைக் குறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் முன்பு, மருந்தை ஆவிபோலாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் கருவியைச் சுமந்து திரிந்தோம். பயணத்துக்கு, முகமூடி பொருத்திய ஸ்பேசரும் (இன்ஹேலரோடு இணைக்கும் குழாய்) இன்ஹேலரும் போதும் என்று என் மகனின் மருத்துவர் சொல்லி, பயன்படுத்தும் முறையையும் காட்டிய பிறகே அதை வீட்டில் விட்டுச் செல்கிறோம். மருத்துவரைக் கேட்காமல் இப்படி எதையும் மாற்ற வேண்டாம். மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருக்கட்டும். இன்ஹேலர்களில் ஒன்று அம்மாவிடமும் மற்றொன்று அப்பாவிடமும் இருக்கட்டும். ஒரு பை தொலைந்தாலும் மருந்து தொலையாது.

ஒரு பயணத்தில் பக்கத்துப் படுக்கையிலிருந்த குழந்தைக்கு இரவெல்லாம் வாந்தியும் பேதியும். அவர்களிடம் மூன்று பெரிய பெட்டிகள் இருந்தன, ஆனால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றுகூட இல்லை. என்னிடமிருந்ததைக் கொடுத்தேன். அந்தத் தந்தை பதற்றத்தில் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கொட்டப் போனார், நல்லவேளையாகத் தடுத்துவிட்டோம். எந்த அளவு நீருக்கு என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதோ, அந்த அளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலத்தின் எடை சில கிராம்தான். 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அழைத்து அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவரை வரச் சொன்னோம். குழந்தையைப் பரிசோதித்த பிறகே பெட்டியிலிருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது.

வைகை:

நீங்கள் எல்லோரும் என் மகள் வயதினர். ரயிலைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு ரயில் போகாது. பேரனுக்கு மொட்டை எடுத்துக் காது குத்த, மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரசுப் பேருந்தில்தான் போனேன். 2022 முதல் 5 வயது வரை பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து மாறும்போது பாலூட்டும் அறைக்குப் போனோம். 2015 இல் அரசு இந்த அறைகளைப் பேருந்து நிலையங்களில் தொடங்கியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நான் பிள்ளை வளர்த்த காலத்தில் தூணுக்குப் பின்னால் திரும்பி நின்றுதான் பாலூட்டியிருக்கிறேன். அறை வாசலில் ஓர் இளம்பெண் அழுகிற குழந்தையோடு உள்ளே போகாமல் நின்றாள். ஏன் என்று கேட்டால், பெட்டியை உள்ளே கொண்டுபோக இடமில்லை, வெளியே விட்டுப் போகப் பயம் என்றாள். "நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் பிள்ளைக்குப் பாலைக் குடும்மா" என்று சொல்லி அந்தப் பெட்டியருகே உட்கார்ந்துகொண்டேன். பெட்டிக்குக் காவல் ஒன்று வேண்டியிருக்கிறது. தனியாக வரும் தாய் அந்தக் காவலுக்கு எங்கே போவாள்? தோளில் மாட்டும் பையாக இருந்திருந்தால் அவள் யாரையும் எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

பிள்ளையின் சட்டை உள்பக்கத்தில் பெற்றோரின் கைபேசி எண்ணைத் துணியில் அழியாத மையால் எழுதுங்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைக்குப் பெயரைச் சொல்லவே நா எழாது. தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

தாமிரபரணி:

வைகை அம்மா, எண் எழுதும் யோசனையை இந்தப் பயணத்திலேயே செய்கிறேன். தனக்கென்று ஒரு சின்ன முதுகுப்பை வேண்டும் என்று மகள் கேட்டபடி இருக்கிறாள். அதை வாங்கிக் கொடுத்து, அவளுடைய பொருளை அவளையே சுமக்கவைக்கலாமா? உங்கள் அனுபவம் எப்படி?

வைகை:

நான்கு வயதில் வேண்டாம் மகளே. பத்தடி நடந்ததும் அந்தப் பை உன் தோளுக்கு வந்துவிடும், உன் வெறுங்கையும் போய்விடும். ஆசைக்கு ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடு. அதில் ஒரு பொம்மையும் ஒரு கைக்குட்டையும் இருந்தால் போதும், அவள் தூங்கிப்போனாலும் உன் பைக்குள் அடங்கிவிடும். ஆறு வயது தாண்டி, நிலையத்தின் மேம்பாலப் படிகளைத் தானே ஏறி இறங்கும் காலம் வந்ததும் முதுகுப்பை வாங்கிக் கொடு.