சார்ல்ஸ்டனில் பழைய வீடு: வாங்கலாமா, ஓடிவிடலாமா?

கொங்குத்தம்பி:
வணக்கம். ஒஹாயோவிலிருந்து வேலை மாற்றி தென் கரோலினா வருகிறோம், ஆபீஸ் வடக்கு சார்ல்ஸ்டனில். வீடு பார்க்கப் போன இடத்தில் தீபகற்பத்தில், அதாவது இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற பழைய சார்ல்ஸ்டனில், ஒரு பழைய மர வீடு மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தெருவுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் நீள வராந்தா, அந்த வகை. 'தண்ணீர் உள்ளே வந்ததே இல்லை' என்கிறார் புரோக்கர். நண்பர்களோ புறநகரில் புது வீடு வாங்கு என்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மாடிவராந்தா:
தைரியமாக வாங்குங்கள் தம்பி. நான் 11 வருடமாகத் தீபகற்பத்தில்தான் இருக்கிறேன். நீங்கள் பார்த்தது 'சிங்கிள் ஹவுஸ்', அகலம் ஒரே அறைதான். வராந்தாவை அநேகமாகத் தெற்கு அல்லது மேற்கு பார்த்து வைத்திருப்பார்கள், கடல்காற்றுக்காக. தெருக்கதவைத் திறந்தால் வீடு வராது, வராந்தாதான் வரும். திண்ணை வீட்டில் வளர்ந்தவன் நான், முதல் நாள் அங்கே காபியோடு உட்கார்ந்தவன் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. செங்கல் வீடுகளின் வெளிச்சுவரில் இரும்பு வில்லைகள் தெரியும், கவனியுங்கள். 1886 நிலநடுக்கத்துக்கு அப்புறம் சுவர்களை இழுத்துக் கட்டிய கம்பிகளின் முனை அது. 1989-ல் ஹ்யூகோ புயலையும் பார்த்துவிட்டு நிற்கிற வீடுகள் இவை. சாயங்காலம் 'பேட்டரி' என்கிற தடுப்புச்சுவர்க் கரை வரை நடந்தே போய் வரலாம். அமெரிக்காவில் கார் எடுக்காமல் வாழ எத்தனை ஊர் இருக்கிறது?

சதுப்புக்காரன்:
வீடு நிற்கும் அண்ணே, கார் நிற்குமா? நான் மருத்துவமனைகள் இருக்கிற பக்கம் வேலை பார்த்தவன். மழையே வேண்டாம், நல்ல வெயிலில் தண்ணீர் வரும். ஓதம், அதாவது கடல் நீர் ஏற்றம், 7 அடியைத் தொட்டால் போதும், கடல் வடிகால் வழியாகத் தெருவுக்கு ஏறிவிடும். 2019-ல் மட்டும் இப்படி 89 நாள். காலையில் எழுந்ததும் நான் பார்த்தது வாட்ஸப் இல்லை, ஓத அட்டவணை. ஒருநாள் சோம்பல்பட்டுப் பார்க்காமல் கிளம்பி, கணுக்கால் தண்ணீர்தானே என்று ஓட்டிவிட்டேன். அது உப்புத் தண்ணீர். சில மாதம் கழித்து மெக்கானிக் வண்டிக்கு அடியில் விரலால் சுரண்டிக் காட்டினார், துரு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.

காரணம் சிம்பிள். ஓடைகளையும் சதுப்பையும் தூர்த்துத்தான் ஊரை அகலமாக்கினார்கள். மார்க்கெட் தெரு ஒரு காலத்தில் ஓடை. வாட்டர் ஸ்ட்ரீட்டுக்குப் பெயரிலேயே தண்ணீர். ஏரியில் பிளாட் போட்டு விற்கிற கதை நமக்குப் புதுசா என்ன? நான் இப்போது உள்ளே தள்ளி இருக்கிற புறநகர் சம்மர்வில்லில் இருக்கிறேன், நிம்மதியாக.

மாடிவராந்தா:
ஆமாம், ஐ-26 நெடுஞ்சாலை டிராஃபிக்கில் உட்கார்ந்துகொண்டு நிம்மதி! அந்தப் பேட்டரி கரையின் தாழ்ந்த பகுதியான லோ பேட்டரி சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார்கள், சுரங்க வடிகால் வெட்டியிருக்கிறார்கள். பழைய வீடுகளையே உயர்த்த அனுமதி கிடைக்கிறது. பக்கத்து வீட்டை ஜாக்கி கொடுத்து ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கினார்கள், சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

சதுப்புக்காரன்:
தூக்க எவ்வளவு ஆனது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. தம்பி, சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது, தனி பாலிசி எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். நீங்கள் பார்த்த வீடு அந்த விலைக்கா வருகிறது? ஜன்னலை மாற்றுவதற்குக்கூட நகரத்தின் கட்டடக்கலைக் குழுவிடம் அனுமதிக்குப் போய் நிற்கணும், 1931-லிருந்து இருக்கிற விதி. ஒன்று மட்டும் நல்லது: சொந்தக் குடியிருப்பு என்று எழுதிக் கொடுத்தால் சொத்து வரிக்கு எடுக்கிற மதிப்பு, வீட்டு மதிப்பில் 6 சதவீதத்திலிருந்து 4 ஆகும். மறந்தால் பில் எகிறும்.

செங்கல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரெண்டு பேருமே வீட்டை மட்டும் பேசுகிறீர்கள். இந்த வீடுகள் நெல் விற்ற காசில் எழுந்தவை, அந்த நெல்லை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கி விற்கப்பட்டவர்கள். அவர்கள் இறங்கிய கேட்ஸ்டன் துறையில்தான் 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய செங்கல்களில் விரல் தடம் இருக்கும், காயும் முன்பே எடுத்து அடுக்கிய அடிமைக் குழந்தைகளுடையது. என் மகள் தன் விரலை வைத்துப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. அவளுக்கு எட்டு வயது.

1980-ல் தீபகற்பத்தில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை, இப்போது இல்லை. வீட்டு விலை அவர்களைத் துரத்தியது, அதை ஏற்றுகிறவர்களில் நாமும் உண்டு.

மாடிவராந்தா:
அதற்காக யாருமே வாங்கக் கூடாதா அக்கா?

செங்கல்:
அப்படிச் சொல்லவில்லையே. நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். உங்கள் வராந்தா கூரையில் வெளிர்நீலம் அடித்திருக்குமே, ஆவி அண்டக் கூடாது என்று குல்லா மக்கள் (இந்தக் கடலோரத்தில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்) அடித்த நிறம் அது. புரோக்கர் அதைக் கடலோர ஸ்டைல் என்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். அதைத்தான் சொல்கிறேன்.

சதுப்புக்காரன்:
தம்பி, ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள், இலையுதிர் காலம் முழுசாக அதில் வரட்டும். பெரிய ஓதங்கள் அப்போதுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்.

கொங்குத்தம்பி:
எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன். வாடகை சரியாம், ஆனால் வராந்தா இருந்தே ஆகணுமாம். ரப்பர் பூட்ஸ் வாங்கணுமா?

மாடிவராந்தா:
முழங்கால் உயரத்துக்கு வாங்குங்கள் தம்பி, கணுக்கால் பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விடும்.

சதுப்புக்காரன்:
அண்ணே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?