ஹாப்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

திங்கள் காலை, பினாங்கு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளி ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கம்பியில்லா வலையமைப்பு பற்றி 24 பக்கத்தில் ஒரு கையேடு தயாரிக்கிறோம். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். அருகலை (வைஃபை), திசைவி (ரவுட்டர்), கடவுச்சொல் எல்லாம் பிள்ளைகள் வாயிலேயே வருகின்றன. மாட்டிக்கொண்டது ஒரே சொல்லில்: ஹாப்.

வழிச்செலுத்தல் பாடத்தில், ஒரு பொதி, அதாவது செய்தியின் ஒரு சிறு துண்டு, ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குப் போவது ஒரு ஹாப். இருப்பிடம் பற்றிய பாடத்தில், ஜிபிஎஸ் இல்லாத சிறு உணரி ஒன்று, இடம் தெரிந்த கருவியிலிருந்து தான் எத்தனை ஹாப் தள்ளி இருக்கிறது என்று எண்ணுகிறது. அதை ஒரு ஹாப்பின் சராசரி நீளத்தால் பெருக்கித் தூரத்தைக் கணிக்கிறது. இப்படி மூன்று கருவிகளிலிருந்து தூரம் கிடைத்தால் இடம் பிடிபட்டுவிடும். பாதுகாப்புப் பாடத்தில், எதிராளி இரண்டு தொலைவான இடங்களுக்கு நடுவே மறைவாகக் குறுக்குவழி போட்டு, பத்து ஹாப் தூரத்தை ஒரே ஹாப்பாகக் காட்டிப் பொதிகளைத் தன் பக்கம் இழுக்கிறான். அதே பாடத்தில் அலைவெண் ஹாப்பிங்கும் வருகிறது.

இப்போதைக்குத் ‘தாவல்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

திங்கள் மதியம், பிரிக்பீல்ட்ஸ்:

டீச்சர், தாவல் வேண்டாம். உலாவிகளின் தமிழ் இடைமுகத்தில் தாவல் என்றால் மேலே வரிசையாகத் திறந்து வைக்கும் பக்கங்கள். கைப்பேசியைத் தமிழில் வைத்திருக்கும் பிள்ளை குழம்பிப்போவான். ‘ஹாப்’ என்றே எழுதுங்கள். பஸ், ரயில் என்று எழுதியதால் தமிழ் கெட்டுவிடவில்லை. இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் படிக்கப்போகிறார்கள். ஒரு பாடம் புரிவதற்கு முன்னால் ஒரு சொல்லை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்.

திங்கள் இரவு, செந்தூல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் நடந்தது இந்தக் கோலாலம்பூரில்தான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘ஹாப்’ என்றே விட்டுவிடலாம் என்று படிக்கும்போது வயிறு எரிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழில் கிடைக்காது என்பதனால்தான் இப்போதே தமிழில் கொடுக்க வேண்டும்.

சொல் நம்மிடம் இருக்கிறது: தத்தல். தவளை தத்தும், குழந்தை தத்தித் தத்தி நடக்கும், புல்லில் குதிப்பது தத்துக்கிளி. கிளிக்குத் தத்தை என்று பெயர் வந்ததும் அது கிளையில் தத்தி நடப்பதால்தான் என்பது என் எண்ணம். தத்தளித்தல் என்பதிலும் இதே வேர்தான் இருக்க வேண்டும். தத்தெடுப்பது வேறு, அது வடமொழியிலிருந்து வந்தது, அதைக் காட்டி யாரும் மறுக்க வேண்டாம்.

இலக்கணச் சான்றும் உண்டு. நன்னூல் சொல்லும் சூத்திர நிலை நான்கு: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின்வீழ்வு. தவளைப்பாய்த்தை விட ஹாப்புக்குப் பொருத்தமான உவமை எந்த மொழியில் கிடைக்கும்? வேர்ச்சொல் ஒன்று, பாடம் மூன்றிலும் அதுவே. தத்தல், தத்தல் எண்ணிக்கை, அலைவெண் தத்தல்.

செவ்வாய் காலை, பாயான் லெப்பாஸ், பொறியாளர்:

ஐயாவுக்கு வணக்கம். தவளைப்பாய்த்தை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி, ஆனால் அதுவே உங்கள் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இடையில் இருக்கும் சூத்திரங்களைத் தாண்டி அப்பால் உள்ளதோடு போய்ச் சேர்வதுதானே தவளைப்பாய்த்து? வழிச்செலுத்தலில் பொதி யாரையும் தாண்டுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் போகிறது, அவர் அடுத்தவரிடம் கொடுக்கிறார். நன்னூல் கணக்கில் அது ஆற்றொழுக்கு, ஆற்று நீர் போல இடையறாமல் அடுத்ததோடு தொடர்வது.

அலைவெண் ஹாப்பிங் வேறு விவகாரம். அதில் செய்தி இடையில் யார் கைக்கும் போவதில்லை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முன்பே பேசி வைத்த வரிசையில் ஒரே நேரத்தில் அலைவெண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இப்படி ஓர் ஏற்பாட்டுக்குத்தான். வானொலியால் செலுத்தும் டார்பீடோவை எதிரி குழப்பிவிடாமல் இருக்க 88 அலைவெண்கள், பியானோவின் 88 கட்டைகளைப் போல. தானாக வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைத்தான் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஓடவிட நினைத்தார்கள். கிளாசிக் வகைப் புளூடூத் 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1,600 முறை இப்படி மாறுகிறது. இது உண்மையாகவே தவளை.

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது, அது அவர்கள் வசதி. நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? தமிழில் இரண்டு சொல் இருக்கட்டும். இரண்டாவதற்குத் தத்தல் சரி. முதலாவதற்கு என்னிடம் சொல் இல்லை.

செவ்வாய் மதியம், பந்தாய், மாணவர்:

‘ஆற்றுப்படை’ நினைவுக்கு வருகிறது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறான். பத்துப்பாட்டில் பாதி இந்த வகை. வழிச்செலுத்தலையே ‘ஆற்றுப்படுத்தல்’ என்று மாற்றி, ஒரு ஹாப்பை ‘ஓர் ஆறு’ என்றால் என்ன?

செவ்வாய் மதியம், பிரிக்பீல்ட்ஸ்:

மூன்று ஆறு என்று எழுதினால் பதினெட்டு என்று விடை எழுதுவான் தம்பி. ஆற்றுப்படுத்துதல் என்றால் இன்றைக்கு மனம் நொந்தவருக்கு ஆறுதல் சொல்வது.

செவ்வாய் இரவு, செந்தூல்:

தம்பி சொன்ன ஆற்றுப்படையை இப்படித் தள்ளிவிடக் கூடாது. ஆறு, யாறு என்ற வடிவத்திலிருந்தே தொடங்க வேண்டும். ‘யா’ மொழிமுதலில் கெட்டு ‘ஆ’ ஆவது யாண்டு, யானை, யாடு எல்லாவற்றிலும் காண்பதுதான். நீர் போகும் ஆறும் ஆள் போகும் ஆறும் ஒன்றா, இரண்டா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

செவ்வாய் இரவு, குழு மட்டுறுத்துநர்:

ஐயா, அதைத் தனி இழையில் எழுதுங்கள், ஆவலோடு படிப்போம். இங்கே டீச்சருக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

புதன் காலை, கூலிம்:

நான் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவள். கடைசி நிரையில் பாலுக்காக மரம் வெட்டும் அம்மாவுக்குத் தூக்குச்சட்டியை நான் நேரே கொண்டுபோக மாட்டேன். முதல் நிரையில் இருக்கும் அக்காவிடம் கொடுப்பேன், அவர் அடுத்த நிரைக்காரரிடம் கொடுப்பார். நாலு கை மாறித்தான் போய்ச் சேரும். நீங்கள் தேடுவது இதுதானே? ஒரு கை, இரண்டு கை. வினைக்குக் கைமாற்றம். தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

புதன் மதியம், பிரிக்பீல்ட்ஸ்:

கைமாற்று என்றால் எங்கள் வீட்டில் ஐம்பது வெள்ளி கடன். ஆனாலும் ‘நாலு கை மாறி’ என்று படித்தவுடன் புரிந்தது. ஹாப்பை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

புதன் இரவு, பினாங்கு ஆசிரியை:

இன்று புறப்பாட நேரத்தில் செய்து பார்த்துவிட்டேன், அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும்.

மண்டபத்தில் பிள்ளைகளைப் பரவலாக நிறுத்தி, கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் மட்டும் துண்டுச் சீட்டைக் கொடுக்கலாம் என்றேன். சொல் எதுவும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் சீட்டைத் தூக்கிக் காட்டி, “டீச்சர், எனக்கு அஞ்சு கை மாறி வந்துச்சு” என்றான். கூலிம் அக்காவின் மடலை அவன் படித்திருக்க வழியே இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் எல்லாமே அந்தச் சொல்லில் ஓடியது. என் மேசையிலிருந்து மேடை வரை 12 மீட்டர், ஆறு கை. அப்படியானால் ஒரு கைக்கு 2 மீட்டர். நாலு கை தள்ளி நிற்பவள் ஏறக்குறைய 8 மீட்டரில் இருக்கிறாள் என்று அவர்களே சொன்னார்கள், நாடா பிடித்து அளந்தால் 7 மீட்டர் சொச்சம். சீட்டில் ஓர் எண்ணை எழுதி, கை மாறும்போதெல்லாம் ஒன்று குறைத்து, பூஜ்யம் வந்ததும் கிழித்துப் போடச் சொன்னேன்; வழி தவறிய பொதி முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க இணையத்தில் செய்வதும் இதுதான். கடைசியில் ஒரு பையனை இரகசியமாகச் சுவர் ஓரம் ஓடிப்போய்ச் சீட்டைக் கொடுக்கச் சொன்னேன். மறுகோடியில் இருந்தவளுக்கு ஒரே கையில் வந்து சேர்ந்தது. “அப்ப நான் டீச்சர் பக்கத்துலயா இருக்கேன்?” என்று கேட்டாள். பாதுகாப்புப் பாடத்தில் நான் இரண்டு பக்கம் எழுதியதை அவள் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டாள்.

‘தத்தல்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். சின்னக் குழந்தை நடப்பதா என்று கேட்டார்கள். ஆனால் அலைவெண் தத்தலுக்குத் தவளைப் படம் போட்டுக் காட்டியதும் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே வழிச்செலுத்தலுக்கும் இருப்பிடத்துக்கும் கை, கைமாற்றம், அலைவெண்ணுக்குத் தத்தல். மறுப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

வியாழன் காலை, பாயான் லெப்பாஸ்:

எனக்குச் சம்மதம். ஒரு சிக்கல் மட்டும்: பாதுகாப்புப் பாடத்தில், அருகலையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2இன் நான்கு படிக் கைகுலுக்கல் (கருவியும் வலையமைப்பும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வது) வருகிறது. நாலு கையும் நாலு குலுக்கலும் ஒரே பக்கத்தில் மோதும். அதை வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

வியாழன் மதியம், பந்தாய்:

சம்மதம்.

வியாழன் மாலை, செந்தூல்:

எனக்குச் சம்மதம் இல்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளைக்கு இந்தப் பிள்ளை அகராதி புரட்டும்போது ஒரே கருத்துக்கு இரண்டு வேரைப் பார்த்துத் தடுமாறும் என்றே நினைக்கிறேன். தவளைப்பாய்த்து பற்றிப் பொறியாளர் தம்பி சொன்ன மறுப்புக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பையன் தானாகச் சொன்னான் என்பதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். மெய்ப்பை அனுப்புங்கள் டீச்சர், ஒற்றுப்பிழை நான் பார்த்துத் தருகிறேன்.

வியாழன் இரவு, பினாங்கு ஆசிரியை:

அனுப்பிவிட்டேன் ஐயா. 17ஆம் பக்கத்தில் அந்தக் குறுக்குவழிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘புழுத்துளை’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன், அதையும் பாருங்கள்.